பௌர்ணமிக்கு மறுநாள் ஏறிய தண்ணீர்

ரங்கூன் நகரத்துத் தாமுவேயில் எங்கள் வீட்டுச் சுவர்களில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. கூடத்தில் இருப்பது என் மனைவி மாட்டியது, பர்மிய நாட்காட்டி. அதில் மாதம் வளர்பிறை, தேய்பிறை என்று நிலாவைக் கொண்டே நகரும். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருப்பது கோயிலில் கொடுத்த தமிழ் நாட்காட்டி, தினமும் ஒரு தாள் கிழிக்கிற வகை. தேதிகளை எழுதி வைப்பது என் பழக்கம். முதல் மழை எந்தக் கிழமை பெய்தது, மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது, மாமரம் எந்த வாரம் பூத்தது என்று வருடக்கணக்காக எழுதி வருகிறேன். அப்படிப்பட்டவன் ஒரு பயணத்துக்கு நாள் குறித்தபோது ஒரே ஒரு சுவரைத்தான் பார்த்தான் என்பது இன்றும் எங்கள் வீட்டில் நன்றாக விலைபோகும் நகைச்சுவை.

பயணம் என் மகளின் யோசனை. அவளுக்குப் பதினேழு வயது. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து, புது வருடம் பிறந்த மறுவாரம் அவள் கோலாலம்பூருக்குப் படிக்கப் போவதாக முடிவாகி, விமானச் சீட்டும் வாங்கியாயிற்று. இப்போதெல்லாம் இங்கிருந்து போகிற பிள்ளைகள் எப்போது திரும்பி வருவார்கள் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. சீட்டு கைக்கு வந்த அன்று சாப்பாட்டின் நடுவில் அவள் சொன்னாள்.

"அப்பா, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ. நாமளே துடுப்பு போட்டு, ஆளே இல்லாத எடத்துல படுத்து எந்திரிச்சு வரணும். நாலு நாள்."

"ஏரில போயி ஒரு மணி நேரம் சுத்திட்டு வா" என்றாள் என் மனைவி.

"அமே, அதுக்குப் பேரு படகுப் பயணம் இல்ல. அதுக்குப் பேரு ஐஸ்கிரீம் சாப்புடுறது."

அவள் அம்மாவை 'அமே' என்று பர்மிய மொழியில்தான் கூப்பிடுவாள். என் மனைவியின் அப்பா தமிழர், அம்மா பர்மியர். டெல்டா பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவள். வீட்டில் நான்காவது ஆள் அவளுடைய தங்கை மகன், பதினான்கு வயது. தங்கை பாங்காக்கில் வேலை பார்ப்பதால் பையன் பால்பல் விழாத நாளிலிருந்து எங்களோடு வளர்கிறான். என்னை 'ஊலே' என்பான், பெரியப்பா மாதிரி. என் மகளை 'மமா' என்பான், அக்கா. ஒரே அறையில் நடுவில் திரைச்சீலை கட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். அன்றைக்கு அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, எத்தனை தோணி, யார் யாரோடு என்று மட்டும் கேட்டான். இந்தப் பயணம் அவனுக்கு என்னவென்று எனக்கு அப்போதே புரிந்தது. அக்காவோடு இனி அவனுக்குக் கிடைக்கப்போவது இந்த நாலு நாள்தான்.

ஆற்றுப் பயணங்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். பனி நாட்டு ஆறுகள், ஆப்பிரிக்க ஆறுகள், அருவிகளுக்கு மேலே தோணியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். படித்ததோடு சரி. துடுப்பை நான் கையால் தொட்டதில்லை. ஆனால் துறைமுகத்துச் சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் ஒரு பொருள் மட்டும் இலவசமாகக் கிடைக்கும்: ஓத அட்டவணை. ஆற்றில் எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும், எந்த நேரத்தில் இறங்கும் என்று சொல்லும் சின்னப் புத்தகம். ரங்கூன் ஆறு கடலின் பேச்சைக் கேட்கிற ஆறு. கடல் ஏறினால் ஆறு பின்னோக்கி ஓடும்.

வழியை ஒரு வாரத்தில் முடிவு செய்தோம். க்யிம்யிண்டைங் படகுத்துறையிலிருந்து ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையில் மேற்கே போகும் ஒரு கிளையாற்றுக்குள் நுழைவது. இரண்டு பக்கமும் நீர்ப்பனைத் தோப்புகள். கொஞ்ச தூரத்தில் ஊர்கள் முடிந்துபோகும். அங்கே என் மனைவியின் சொந்தக்காரர்கள் அன்னதானம் செய்கிற ஒரு பௌத்த மடம் இருக்கிறது. இப்போதைய நிலைமையில் எங்கே இரவு தங்கினாலும் பெயர் பதிய வேண்டும்; மடத்துப் பிக்கு தாமே அதைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். முதல் இரவு மடம். பிறகு அதற்கும் அப்பால், சுள்ளி பொறுக்குபவர்கள்கூட அபூர்வமாகப் போகிற அலையாத்திக் காட்டுக்குள் இரண்டு இரவு.

மின்சாரம் போன மாலைகளில் கூடத்தில் ஒத்திகை நடந்தது. ஒரு பாய் ஒரு தோணி. பாய்க்கு இரண்டு பேர், கையில் துடைப்பம். முன்னால் இருப்பவர் வேகம், பின்னால் இருப்பவர் திசை என்று நான் புத்தகத்தில் படித்ததை விளக்கினேன்.

"ஊலே, வலது! வலது!"

"வலதுலதாண்டா போடுறேன்."

"அது உங்க வலது. நீங்க திரும்பி உக்காந்திருக்கீங்க."

உண்மைதான். அவனுக்கு விளக்குவதற்காகத் திரும்பி உட்கார்ந்தவன் அப்படியே துடுப்புப் போட ஆரம்பித்திருந்தேன். பக்கத்துப் பாயில் என் மகள் சிரித்து உருண்டாள். "அமே, இவங்க தோணிய நாம கயிறு கட்டி இழுத்துக்கிட்டே போவணும் போல."

"கயிறு எதுக்கு? அறுத்து விட்டுருவோம்" என்றாள் என் மனைவி.

நாள் குறிப்பது என் பொறுப்பு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித் தண்ணீர் மிகவும் ஏறி மிகவும் இறங்கும். ஓட்டமும் கடுமையாக இருக்கும். எட்டாம் பிறையை ஒட்டி ஆறு சாதுவாகிவிடும். எனவே கூடத்து நாட்காட்டியில் தகூ மாதத்து வளர்பிறை எட்டாம் நாளைச் சுற்றிப் பச்சை மையில் வட்டமிட்டேன். பௌர்ணமியையும் அதற்குப் பின் வரும் சில நாட்களையும் சிவப்பால் அடித்தேன். மாலையில் பாதி நிலா தலைக்கு மேலே இருக்கும், தண்ணீர் பூனை மாதிரி இருக்கும், கூடாரத்தைச் சேற்றுமேட்டில் அடிக்கலாம். எல்லாம் பொருந்தி வந்ததில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பச்சை வட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு மாலை என் மகள் பக்கத்து வீட்டு அம்மாவோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டும் வேப்பிலைக் கொத்தும்.

"பால்குடம் எடுக்குறேன்னு நேந்துக்கிட்டேன்பா. பரீச்ச நல்லா எழுதுனதுக்கு. எல்லாரும் கட்டிக்கிட்டாங்க, நானும் கட்டிக்கிட்டேன்."

எனக்கு மகிழ்ச்சி. தமிழைக் காட்டிலும் பர்மிய மொழியில் வேகமாகப் பேசுகிற பெண், தானாகவே போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். மனைவியை அழைத்துக் காட்டினேன். பையன்தான் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான், "மமா, இத எப்ப அவுப்பாங்க?"

"பங்குனி உத்தரத்துக்கு மறுநாள் காலைல."

நான் எழுந்து சாமி மாடத்துப் பக்கம் போனேன். அங்கே தொங்கிய நாட்காட்டியின் தாள்களை விரலால் நகர்த்தினேன். பிறகு கூடத்துக்கு வந்தேன். மறுபடியும் அங்கே போனேன். பங்குனி உத்தரம் என்பது கூடத்து நாட்காட்டியில் தகூ மாதத்துப் பௌர்ணமி. என் பச்சை வட்டம் முழுக்க முழுக்கக் காப்பு நாட்களுக்குள் இருந்தது. காப்புக் கட்டியவர்கள் அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டி வெளியே இரவு தங்கக் கூடாது. அது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். எங்கள் கோயிலைப் பொறுத்தவரை மேற்கே எல்லை என்பது ஆறு.

"ஆத்து மேல மெதந்துக்கிட்டு இருந்தா அது தாண்டுனதா ஆவுமா?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு அப்போதுதான் முகம் மாறிக்கொண்டிருந்தது.

கோயில் தர்மகர்த்தாவைத் தொலைபேசியில் பிடித்தேன். என் அப்பாவின் சிநேகிதர், என்னை இன்னும் வாடா போடா என்று பேசுகிறவர்.

"ஏண்டா, துறமொகத்துல வேல பாக்குறவனுக்கு அக்கர எது இக்கர எதுன்னு தெரியாது? எறங்குனா என்ன, மெதந்தா என்ன, அக்கர அக்கரதான்."

"சரிங்க மாமா, இந்தக் கரையிலயே ராத்திரி தங்கிக்கிட்டா?"

"எங்க, சரக்குக் கிட்டங்கி வாசல்லயா? கொசுவுக்கு நேர்ந்து விட்ட மாதிரி? போடா."

அன்றைக்கே அடுத்த சாது நாட்களைப் பார்த்தேன். தேய்பிறை எட்டு. தண்ணீர் மறுபடியும் அடங்கும். காப்பு அவிழ்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். பச்சை மையை எடுத்துக்கொண்டு போனேன்.

"அங்க போடாதீங்க" என்றாள் மனைவி. "அன்னைக்கு இவனுக்கு மொட்ட."

பையன் சின்னப் பிக்கு ஆகிறான். தலையை மழித்து, திஞ்சான் நாட்களில் மடத்தில் துறவியாக இருப்பது. பௌத்தக் குடும்பத்துப் பையன் ஒவ்வொருவனுக்கும் ஒரு முறையாவது நடப்பது. அவன் அம்மா அதற்காகவே விடுமுறை வாங்கிப் பாங்காக்கிலிருந்து வருகிறாள். அவன் மடத்திலிருந்து திரும்பிய சில நாட்களில் என் மகளுக்கு விமானம். பௌர்ணமிக்கு முன்னால் ஒருத்தி போக முடியாது, பின்னால் ஒருவன் போக முடியாது.

"நீங்க மூணு பேரும் மொதல்ல சொன்ன நாள்லயே போங்க" என்றாள் மகள். "போட்டோ எடுத்துட்டு வாங்க, போதும்."

"நீ இல்லாம நான் எதுக்கு?" என்றான் பையன். "நீங்க மூணு பேரும் போங்க மமா. மொட்ட நாள்லயே. நான்தான் இருக்க மாட்டேன், அவ்ளோதான்."

"ரெண்டு பேரும் பெரிய தியாகிங்க" என்றாள் மனைவி. "போயி பல்லு வெளக்குங்க."

மறுநாள் பார்த்தபோது துடைப்பங்கள் எல்லாம் சமையலறை மூலையில் பழையபடி தலைகீழாக நின்றன. பையன்தான் வைத்திருக்க வேண்டும். நாட்காட்டி பக்கம் யாரும் போகவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பயணம் என்ன பெரிய பயணம் என்று. அது எடுபடவில்லை.

அன்று மாலை மனைவி கூடத்துச் சுவரின் எதிரே நின்று, தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "நடுவுல இருக்குற நாளுங்கள ஏன் செவப்பால அடிச்சு வச்சிருக்கீங்க?"

"அது பெருந்தண்ணி. பௌர்ணமிக்கு அடுத்த ரெண்டு மூணு நாள்தான் ஓட்டம் உச்சம்."

"தெரியும். எங்க ஊர்ல பௌர்ணமிக்குப் புத்தர் கோயில் திருவிழான்னா ஊரே தோணிலதான் போவும். அந்தத் தண்ணிலதான். எங்கம்மா துடுப்பு போட்டு நான் பாத்ததே இல்ல. சும்மா உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு வருவாங்க. எதுத்துப் போனாத்தான பயம்? கூடவே போனா அது ஓசி மோட்டாரு."

நான் ஓத அட்டவணையை எடுத்தேன். இதுவரை அதில் எந்த நாள் தண்ணீர் மெதுவாக ஓடும் என்று மட்டுமே பார்த்திருந்தேன். எந்த நேரம், எந்தத் திசை என்று பார்க்கவே இல்லை. பௌர்ணமிக்கு அடுத்த நாட்களில் ஏறக்குறைய நண்பகலில் ஆறு அடிமட்டத்தில் நிற்கிறது. பிறகு ஏறத் தொடங்கி, பொழுது சாயும்போது நிரம்புகிறது. அப்படி ஏறும் தண்ணீர் எங்கே போகும்? கிளையாறுகளுக்குள். மடத்தை நோக்கி. நிரம்பிய தண்ணீரில் போய்ச் சேர்ந்தால் இடுப்பளவு சேற்றில் இறங்க வேண்டியதில்லை, படிக்கட்டிலேயே தோணியைக் கட்டலாம். திரும்பி வரும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் இறங்கும். அது எங்களை வெளியே கொண்டுவந்து விடும். ஆளில்லாத ஒரு பெரிய இயந்திரம் எங்களுக்காக நேரம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது போலிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்ன?" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து இரண்டு குரல்கள்.

"வாங்க, ரெண்டு பேரும். தொடப்பத்த எடுத்துக்கிட்டு வாங்க."

அதன்பின் வீடு வீடாக இல்லை. திட்டத்தில் பாதியை மாற்ற வேண்டியிருந்தது. பெருந்தண்ணீரில் சேற்றுமேடுகள் முழுகிவிடும், கூடாரம் உதவாது. பிள்ளைகளோடு மிங்கலா தாங்ஞுன்ட் பக்கத்துச் சந்தைக்குப் போய், கொசுவலை சேர்த்துத் தைத்த தூளி நான்கு வாங்கி வந்தேன். தண்ணீர் ஏறினாலும் எட்டாத உயரத்தில், மரத்துக்கு மரம் கட்டிக்கொள்வது.

"அப்ப தண்ணிக்கு மேலயே தூங்குறமா?" என்றான் பையன். அவன் குரல் உடைந்துகொண்டிருந்த காலம். அந்த ஒரு கேள்வியில் இரண்டு தடவை உடைந்தது.

"கீழ விழுந்தா தண்ணி. அதனால மொட்ட போட்டுக்கிட்டு வா, தல காயுறது சுளுவு" என்றாள் மகள்.

தூளியைக் கூடத்து ஜன்னல் கம்பியிலும் கதவுக் கீலிலும் கட்டிப் பார்த்தோம். கீல் கழன்று வந்துவிட்டது. மனைவி புளிக்காய்ச்சல் கிண்டினாள், கருவாடு வறுத்துத் தகரடப்பாவில் அடைத்தாள். மகளுக்கு விரதம் என்பதால் கருவாடு வறுத்த அன்று அவள் மொட்டைமாடிக்கு நாடு கடத்தப்பட்டாள். மிதவைச் சட்டை எல்லோருக்கும் வாங்கியாயிற்று, பையன் அதை அணிந்தபடி வீட்டுப்பாடம் எழுதினான். கைவிளக்குகளை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மின்னேற்றி வைத்தோம். மின்சார நேரத்தைக் குறித்து வைக்கும் என் பழக்கம் முதல் தடவையாக ஒரு மரியாதையைப் பெற்றது.

ஒரே ஒரு கண்ணி மிச்சமிருந்தது. பெரிய ஆற்றைக் கடக்கும் இடம். அதைத் துடுப்பால் கடக்க எனக்குத் துணிவில்லை, நல்லவேளையாக மனைவிக்கும் இல்லை. க்யிம்யிண்டைங் துறையில் மோட்டார்ப் படகு வைத்திருக்கும் ஒருவர் எங்கள் இரண்டு தோணிகளையும் கயிறு கட்டி அக்கரை சேர்க்கச் சம்மதித்தார். தோணிகளும் அவருடையவைதான். பர்மிய மொழியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணி நிக்கிற நேரத்துல மட்டும் இழுப்பேன். அது கொஞ்ச நேரம்தான் நிக்கும். நீங்க வந்து நிக்கணும். பௌர்ணமித் தண்ணி திரும்பி வேகம் புடிச்சதுக்கப்பறம் கூப்புட்டா வர மாட்டேன்."

அன்றைய ஏற்றத்தைத் தவறவிட்டால் மறுநாள்தான். மறுநாள் கிளம்பினால், தேய்பிறை ஐந்தாம் நாள் காலையிலேயே வந்து இறங்கும் பையனின் அம்மாவை அழைத்துவர, காட்டிலிருந்து திரும்பி விமான நிலையம் போக முடியாது. ஆக, காப்பு அவிழ்க்கிற அதே காலை. நண்பகலுக்குள் துறை. தர்மகர்த்தாவிடம் நேரிலேயே போய் நின்றேன். மகளும் வந்தாள்.

"மஞ்சத்தண்ணி ஊத்தி முடிஞ்சதும்தான் அவுப்போம். அதுக்கு முன்ன கேக்காத" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "தோணி ஓட்டுவியா நீ?"

"தொடப்பம் ஓட்டுவேன் தாத்தா."

"மொத ஆளா வந்து நில்லு" என்றார்.

பங்குனி உத்தரத்தன்று பால்குடத்தோடு அவள் நடந்ததை நானும் மனைவியும் பையனும் தெரு நெடுகக் கூடவே நடந்து பார்த்தோம். வெயிலில் தார் இளகியிருந்தது. பையன் தண்ணீர்ப் புட்டியோடு அவள் காலடியில் ஊற்றிக்கொண்டே வந்தான். மறுநாள் காலை மூட்டைகளோடு கோயில் வாசலில் வாடகைக் கார் நின்றது. உள்ளே மஞ்சள் நீர் ஊற்றுவது முடிவதாக இல்லை. ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, திஞ்சானுக்கு முன்பே ஒரு திஞ்சான். நான் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்து மனைவி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கடைசியில் தர்மகர்த்தா கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தார். "எங்க அந்தத் தோணிக்காரி?"

நனைந்த மஞ்சள் சேலையோடு வந்து காரில் ஏறினாள். காப்பு அவிழ்ந்து அவள் உள்ளங்கையில் இருந்தது. மஞ்சள் துண்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கயிற்றையும் வேப்பிலையையும் மூடிய கைக்குள் வைத்துக்கொண்டாள். ஓடுகிற தண்ணீரில் விட வேண்டியது அது.

துறைக்குப் போனபோது ஆறு அடியில் கிடந்தது. படிகளில் பாதிக்கு மேல் பாசியும் சேறும் வெளியே தெரிந்தன. மோட்டார்ப் படகுக்காரர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டு தோணிகளும் அவர் படகுக்குப் பின்னால் கயிற்றில் நின்றன. மகள் சேலையை மாற்றிக்கொண்டு, மிதவைச் சட்டையை மாட்டி, மரமேடையின் ஓரத்தில் குந்தி, கயிற்றையும் வேப்பிலையையும் தண்ணீரில் விட்டாள்.

அது போகவில்லை. விட்ட இடத்திலேயே கிடந்தது.

"ஓடுற தண்ணில விடச் சொன்னாங்க" என்றாள், கவலையாக.

பையன் மேடையில் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். படகுக்காரரும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒரு வேப்பிலைக் கொத்தும் மஞ்சள் நூலும். அது ஒரு தூணை ஒட்டி மெல்லச் சுற்றியது. பிறகு தூணை விட்டு விலகியது. கடல் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேலே, நாங்கள் போக வேண்டிய பக்கமாக நகர்ந்தது.

"மேல போவுது!" என்று கத்தினான் பையன். "ஊலே, மேல போவுது! மமா, ஏறு!"

படகுக்காரர் மோட்டாரின் கயிற்றை இழுத்தார். என் மகள் முன் தோணியில் வேகத்துக்கு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், திசைக்கு, அவன் உட்கார்ந்தான். ஒத்திகையில் அது என் மனைவியின் இடம். அவள் என் தோணிக்கு வந்து ஏறினாள்.

"நீங்க முன்னால உக்காருங்க" என்றாள் என்னிடம். "திரும்பி உக்காராதீங்க."